நாற்பத்திரண்டு கைரேகைகள்

வாருங்கள், பெருமக்களே! அருகில் வந்து இந்தத் தாளைப் பாருங்கள். கண்ணாடி அணிகிறவர்கள் அதை எடுத்து மாட்டிக்கொண்டு பாருங்கள். ஊத்துப்பட்டி ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தின் நூற்றுப் பதினான்காம் பக்கம் இது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, அக்டோபர் இரண்டாம் நாள் நடந்த கிராமசபைக் கூட்டம் என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். நரியூத்துப் பள்ளத்தாக்கில் உள்ள அறுபது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கைச் சொகுசுச் சூழல் விடுதியும் உயிரினக் காப்பகமும் அமைப்பதற்காக முப்பதாண்டுக் குத்தகைக்குக் கொடுக்க ஊர்மக்கள் மனமுவந்து சம்மதிப்பதாக எழுதியிருக்கிறார்கள். கீழே நாற்பத்திரண்டு பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டைவிரல் பதிவு. என்ன துலக்கம்! சுழி சுழியாக, இழை இழையாக, எந்த அலுவலகத்து மேசையும் ஏற்றுக்கொள்ளும் கைநாட்டுகள்.

இந்தப் பக்கத்தில் ஒரு களவு நடந்திருக்கிறது. பூட்டை உடைக்காத களவு. அதற்குச் சாட்சியாக நிற்கத்தான் உங்களை அழைக்கிறேன்.

பதினேழாவது பெயரைப் பாருங்கள்: பஞ்சம்மாள். வயது முப்பத்தெட்டு. ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆலைக்குள் நுழைந்தவள். பதினாறில் பட்டாசு ஆலைக்கு மாறியவள். பசை தடவிய தாளைக் கம்பியில் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி உருட்டி வெடிக்குழாய் செய்வது அவள் தொழில். கணவன் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தான். ஒரு நாள் அந்த அறை வெடித்தது; அவன் வீடு திரும்பவில்லை. அன்றே பஞ்சம்மாள் ஒரு முடிவெடுத்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஊருக்குள் வந்து ஆளேற்றிப் போகும் ஆலை வேனில், தன் மகள் இசைவாணி ஒருநாளும் ஏறக்கூடாது.

முடிவெடுப்பது எளிது, அதைக் காப்பாற்றுவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். அவளுடைய பிடிமானம் இருபத்து மூன்று வெள்ளாடுகள். ஊத்துப்பட்டியில் ஆடுகள் எல்லாம் ஒரே மந்தையாக நரியூத்துக்குப் போகும். வீட்டுக்கு ஒருநாள் முறை வைத்து மேய்ப்பார்கள். இசைவாணி பதினொன்றாம் வகுப்புப் படிப்பதும், அடுத்து நர்ஸ் படிப்புக்குப் போவதாகக் கனவு காண்பதும், அந்தப் பள்ளத்தாக்கின் புல்லை நம்பித்தான். புல் போனால் ஆடு போகும். ஆடு போனால் அந்தப் பெண் வேனில் ஏறுவாள். கணக்கு இவ்வளவுதான்.

நரியூத்தில் கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று உண்டு. அதைச் சுற்றி மருத மரங்கள். மரம் முழுக்க வௌவால்கள். நாடெங்கும் வெடிக்கிற வெடியைச் செய்து கொடுக்கும் ஊத்துப்பட்டி மக்கள், தீபாவளியன்று தங்கள் ஊர் எல்லைக்குள் ஓர் ஓலைவெடிகூட வெடிப்பதில்லை. வௌவால் மிரளுமாம்! பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு மட்டும் கொளுத்திக் காட்டுவார்கள். இந்தக் கட்டுப்பாட்டை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. இதற்காக எந்த மேடையிலும் எவரும் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை.

பொன்னாடைக்கு வேறொருவர் வந்தார். அவர் பெயர் முனியராஜ். பஞ்சம்மாள் உழைக்கும் பட்டாசு ஆலையின் முதலாளி. அவருக்குப் பறவைகள்மீது ஆசை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கழுத்தில் தொலைநோக்கி தொங்காமல் அவர் ஞாயிற்றுக்கிழமை வெளியே வருவதில்லை. நரியூத்தில் முப்பது குடில்கள், நீச்சல் குளம், மூலிகைக் குளியல், மீதி இடத்தில் உயிரினக் காப்பகம் என்று அவர் திட்டமிட்டார். வழுவழுப்பான தாளில் அச்சடித்த அவருடைய விளம்பரம் அதை 'மனிதக் காலடி படாத பள்ளத்தாக்கு' என்றது. தினமும் அங்கே மேய்ந்த மந்தையும், மந்தையின் பின்னால் நடந்தவர்களும் யாருடைய காலால் நடந்தார்களோ?

தீபாவளி முடிந்த மறுவாரம் பூமிபூசை. 'உயிர்களைக் காப்போம்' என்ற பதாகைக்குக் கீழே பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். பட்டப்பகலில் வௌவால்கள் கரும்புகையாய்க் கிளம்பி மலைக்கு மேலே சுற்றின. மூன்று நாள் மரத்துக்குத் திரும்பவில்லை. அந்தச் சரத்தைப் பின்னியவர்களும் ஊத்துப்பட்டிப் பெண்களே என்பதைச் சொல்லும்போது என் நா கூசுகிறது.

நான்காம் நாள் முள்கம்பி வேலி எழுந்தது. அன்று மந்தையை ஓட்டும் முறை பஞ்சம்மாளுடையது. காவலுக்கு நின்றவன் கம்பை நீட்டி மறித்தான்.

“ஆடு உள்ள போகப்படாது. இது ரிசர்வு.”

“யாருக்குலே ரிசர்வு?”

“மிருகங்களுக்கு.”

“அப்ப இது என்ன, பெஞ்சா, நாக்காலியா?” என்று ஆடுகளைக் காட்டினாள் பஞ்சம்மாள்.

காவலாளியே சிரித்துவிட்டான். ஆனால் வேலி சிரிக்கவில்லை. மந்தை திரும்பியது. அடுத்த திங்கட்கிழமை அவள் ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினாள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். கோட்டாட்சியர் நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் கிடைத்தது.

செய்தி அவளுக்கு முன்பே ஆலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை, வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த எழுத்தர் யோபுவின் முன்னால், எல்லாரையும்போல இடக்கைச் சுண்டுவிரலை மையில் தொட்டுப் பதித்துவிட்டு, அவள் குழாய் உருட்டும் கொட்டகைக்குள் போனாள். முதலாளியே அங்கே காத்திருந்தார்.

“என்னம்மா பஞ்சம்மா, கலெக்டர் ஆபீசுக்கெல்லாம் போறியாம்ல?”

“வழி தெரிஞ்சுக்கிட்டேன் முதலாளி. இனி அடிக்கடி போகலாம்னு இருக்கேன்.”

முனியராஜ் கோபப்படவில்லை. கோபப்படாமல் பேசுவதில் அவர் கைதேர்ந்தவர். “நான் உனக்கு நல்லதுதான் நினைக்கேன். ரிசார்ட் திறந்ததும் உம் மகளுக்கு வேலை போட்டுத் தாரேன். யூனிபாரம், மூணு வேளைச் சாப்பாடு, ஏசி ரூம்.”

“ஏசி ரூமுல என்ன வேலை முதலாளி?”

“பெருக்கித் துடைக்கிறது, படுக்கை விரிக்கிறது. கௌரவமான வேலை.”

“அம்புட்டுக் கௌரவம்னா உங்க வீட்டுப் பிள்ளைக்கு முதல்ல குடுங்க. எம் மக ஊசி போடப் படிக்கப் போறா.”

பக்கத்துப் பலகையில் உருட்டிக்கொண்டிருந்த சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பஞ்சம்மாளின் கணவனுக்குத் தங்கை முறை அவள். சிரிப்பை அடக்கத் தெரியாதவள்.

முதலாளியின் குரல் ஒரு படி இறங்கியது. “நீ என்ன பேசினாலும் காரியம் முடிஞ்சுபோச்சு. நாப்பத்திரண்டு பேரு கிராமசபையில கைநாட்டு வச்சாச்சு. அதுல நீயும் ஒருத்தி.”

“நானா? எப்ப?”

“அக்டோபர் ரெண்டு.” அவர் போய்விட்டார்.

அக்டோபர் இரண்டு! பஞ்சம்மாளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. தேசிய விடுமுறை, ஆலையைத் திறக்கக் கூடாது. ஆனால் தீபாவளி சீசன், வடநாட்டு ஆர்டர், லாரிகள் லோடு ஏற்றக் காத்திருந்தன. பின்வாசல் வழியாக வேனை விட்டு, தாளில் பெயர் உள்ள நாற்பத்திரண்டு பெண்களையும் பொழுது சாயும்வரை வேலை வாங்கினார்கள்.

“நாம அன்னைக்கு இங்கனதான கெடந்தோம் மதினி! அதைச் சொன்னாப் போதும், செயிச்சிரலாம்” என்றாள் சண்முகத்தாய்.

அந்த நம்பிக்கையோடுதான் டிசம்பர் இரண்டாம் வாரம் விசாரணைக்குப் போனார்கள். ஊராட்சி அலுவலகத்தில் இடம் போதாமல் பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. நடுவில் கோட்டாட்சியர். ஒரு பக்கம் முனியராஜ், அவருடைய வழக்கறிஞர், கூட்டத்தை நடத்தியதாகக் கையெழுத்திட்டிருந்த ஊராட்சித் தலைவர் சின்னச்சாமி. அவர்களுக்குப் பின்னால், தடித்த வருகைப் பதிவேட்டை மடியில் வைத்தபடி எழுத்தர் யோபு. எதிரே தரையில் நாற்பத்திரண்டு பெண்கள்.

பஞ்சம்மாள் எழுந்து சொன்னாள்: “அய்யா, அக்டோபர் ரெண்டாந்தேதி நாங்க ஊருலயே இல்ல. காலையில இருந்து பொழுதடையவரைக்கும் முதலாளி பாக்டரியில வேலை பாத்தோம்.”

வழக்கறிஞர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். “ஐயா, அன்று தேசிய விடுமுறை. சட்டப்படி ஆலை மூடப்பட்டிருந்தது. இதோ பதிவேடு.” யோபுவிடமிருந்து அதை வாங்கி மேசைமேல் விரித்தார். அக்டோபர் இரண்டுக்கு நேரே, கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு மையில் 'விடுமுறை' என்று எழுதியிருந்தது. “ஒருவர்கூட ஆலைக்கு வரவில்லை. ஆலையில் இல்லாதவர்கள் ஊரில்தானே இருந்திருக்க வேண்டும்?”

கோட்டாட்சியர் பெண்களைப் பார்த்தார். “அன்னைக்கு வேலை பாத்ததுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?”

இல்லை. திருட்டுத்தனமாக வாங்கிய உழைப்புக்கு எந்த முதலாளி அத்தாட்சி கொடுப்பார்? சட்டத்தை மீறியவருக்கே அந்தச் சட்டம் குடை பிடித்து நின்றது. சண்முகத்தாயின் முகத்தில் சிரிப்பு அணைந்துவிட்டது. வாசலோரம் பள்ளிச் சீருடையில் நின்ற இசைவாணியைப் பஞ்சம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசையை நோக்கி நடந்தாள்.

“அய்யா, எனக்குப் படிக்கத் தெரியாது. நான் வச்சதாச் சொல்லுதாகளே, அந்தக் கைநாட்டைக் கண்ணால காட்டுவீகளா?”

கோட்டாட்சியர் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். “இதுதாம்மா. பதினேழாவது. பஞ்சம்மாள்.”

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். குளத்தில் கல் விழுந்ததும் விரியும் அலைபோலச் சுழிசுழியாக ஒரு ரேகை. மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கம் முழுவதும் அப்படியே. அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்த கோட்டாட்சியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஞ்சம்மாள் நிமிர்ந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏ சண்முகத்தாயி, இங்கன வாட்டி! நம்ம கட்டைவிரல்ல என்ன அழகாக் கோலம் போட்டிருக்காக பாரு!”

சண்முகத்தாய் வந்து பார்த்தாள். அவளுக்குப் போன சிரிப்பு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. “அய்யோ மதினி, இது எந்த ராசாத்தி விரலு?”

“என்னம்மா சிரிப்பு? இது விசாரணை” என்றார் கோட்டாட்சியர்.

“மைப்பெட்டியக் குடுங்க அய்யா.” கேட்டு வாங்கிய பஞ்சம்மாள் தன் இடக்கைக் கட்டைவிரலை அழுத்தித் தோய்த்து, ஒரு வெள்ளைத் தாளில் வைத்தாள். விரலை எடுத்தபோது தாளில் இருந்தது ஒரு கரிய திட்டு. உரித்த புளியங்கொட்டைபோல வழவழவென்று ஒரு திட்டு. ஒரு கோடில்லை, ஒரு சுழியில்லை. வலக்கைக் கட்டைவிரலையும் வைத்தாள். இன்னொரு புளியங்கொட்டை.

“ஒம்பது வயசுல இருந்து தீக்குச்சிக் கட்டை அடுக்கினேன், தாளு உருட்டினேன். பசையும் மருந்தும் தின்னது போக இம்புட்டுத்தான் மிச்சம். இந்த விரலுக்கு ரேகை போயி இருவது வருசம் ஆச்சு அய்யா.”

வழக்கறிஞர் விடவில்லை. “எண்ணெயோ பசையோ தடவிக்கொண்டு வந்திருப்பார்கள், ஐயா. இது நாடகம்.”

“நாடகம்னா அரிதாரத்தக் கழுவிப் பாத்துருவோம்” என்றாள் சண்முகத்தாய். “சோப்பு நீங்க தருவீகளா, நாங்க கொண்டாரணுமா?”

பள்ளிக்கூடத்துக் குழாயடியில், கோட்டாட்சியரின் உதவியாளர் மேற்பார்வையில், நாற்பத்திரண்டு பெண்களும் சோப்பும் தேங்காய் நாரும் போட்டுக் கை தேய்த்துக் கழுவினார்கள். துடைத்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாக மையைத் தொட்டுத் தாளில் வைத்தார்கள். திட்டு. திட்டு. மீண்டும் திட்டு. ஓரிருவர் விரலில் மட்டும் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கோடு தப்பியிருந்தது. பஞ்சம்மாள் உருட்டும் பலகைக்கு எதிர்ப்பலகையில் இருப்பவள், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி. அவள் விரலிலும் பாதி அழிந்திருந்தது. அந்த ஒரு தாளைக் கோட்டாட்சியர் தனியே எடுத்து வைத்தார்.

“சரி. அப்ப நீங்க கைநாட்டு வைக்க வேண்டிய இடத்துல என்ன செய்வீங்க?”

“சுண்டுவிரல், அய்யா. இடக்கைச் சுண்டுவிரல். உருட்டுறப்ப அது மட்டும் பலகையில படாது. அதுல ரேகை இருக்கு. ஊருக்கே அதான் வழக்கம்.” பஞ்சம்மாள் கையை நீட்டி, முனியராஜுக்குப் பின்னால் இருந்தவரைக் காட்டினாள். “நம்பிக்கையில்லன்னா யோபு அண்ணாச்சியக் கேளுங்க. அவுக புத்தகத்துலயே இருக்கு.”

எல்லாருடைய கண்ணும் யோபுவின்மேல் விழுந்தது. அவர் எழுந்தார். முதலாளியைப் பார்த்தார். அந்த முதலாளியிடம் பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தவர் அவர்.

“ஆமா சார்” என்றார் மெதுவாக. “ஆரம்பத்துல கட்டைவிரல்தான் வாங்கினேன். எல்லாம் ஒரே திட்டா இருந்துச்சு. யாரு வந்தா, யாரு வரலன்னு பிரிக்க முடியல. அதனால சுண்டுவிரலுக்கு மாத்திட்டேன். எல்லாப் பக்கமும் அப்படித்தான் சார்.”

பதிவேடு மேசைமேலேயே கிடந்தது. ஆலை மூடியிருந்ததற்குச் சான்றாக முதலாளியின் தரப்பே கொண்டுவந்து விரித்த பதிவேடு. கோட்டாட்சியர் சிவப்பு மைப் பக்கத்தைப் புரட்டினார். அதற்கு முந்திய பக்கம், பிந்திய பக்கம், ஆண்டு முழுவதும். பயறு அளவில், வரிசை வரிசையாக, ஆயிரக்கணக்கான சுண்டுவிரல் ரேகைகள். ஒரு கட்டைவிரல்கூட இல்லை. பக்கத்தில் தீர்மானப் புத்தகம்: நாற்பத்திரண்டு கொழுத்த கட்டைவிரல்கள். அவை எந்த நகரத்து அலுவலகத்தில், எத்தனை பேரின் மெத்தென்ற கையிலிருந்து வந்தனவோ!

இப்போது சொல்லுங்கள். அந்த விரல்களைத் தேய்த்தது யாருடைய ஆலை? தேய்ந்த விரலுக்குப் பொய் ரேகை வரைந்தது யாருடைய ஆசை? தம் ஆலையில் கால் நூற்றாண்டாக உழைக்கும் பெண்களின் கையை முனியராஜ் ஒரே ஒரு முறை ஏறெடுத்துப் பார்த்திருந்தால், இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார். மலையுச்சியில் இருக்கும் பறவையின் இறகை எண்ணுவதற்குத் தொலைநோக்கி வைத்திருந்தவருக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த விரல் தெரியவில்லை. அன்று அந்த வகுப்பறையில் அவர் தம் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ரேகை அழகாக இருந்தது.

“சின்னச்சாமி, கூட்டம் நடந்துச்சா?” என்றார் கோட்டாட்சியர்.

ஊராட்சித் தலைவர் தரையைப் பார்த்தார். “கூட்டம் நடக்கல சார். புத்தகம் மட்டும்தான் முதலாளி ஆபீசுக்குப் போச்சு. கைநாட்டாகித் திரும்பி வந்துச்சு.”

தீர்மானத்தை நிறுத்திவைத்து ஆணை பிறந்தது. போலிக் கைநாட்டுக்காகக் காவல் நிலையத்தில் புகார் பதிவானது. இரண்டு நாளில் வேலி இறங்கியது. நரியூத்துக்குள் மந்தை நுழைந்தபோது வௌவால்கள் மருத மரத்தில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஆடுகளைப் பார்த்து அவை மிரளவில்லை.

ஆனால் அடுத்த நாள் விடியற்காலையில் வந்த வேனின் ஓட்டுநர் கதவை முழுதாகத் திறக்கவில்லை. “பஞ்சம்மா அக்காவ மட்டும் ஏத்தப்படாதுன்னு உத்தரவு.”

உள்ளே உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கினாள். “அப்ப என் எடத்துல முதலாளியவே உக்காந்து உருட்டச் சொல்லு. அவுக விரல்ல ரேகை நெறைய இருக்கு, கொஞ்சம் தேயட்டும்.” அவள் பின்னால் நாற்பது பேரும் இறங்கினார்கள். வேன் வெறுமையாகப் போனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேன் நின்றது. கதவு அகலத் திறந்தது. யாரையும் மறிக்கச் சொல்லி உத்தரவில்லை.

பஞ்சம்மாள் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தாள். மகளைக் கரையேற்றும்வரை ஆடும் வேண்டும், ஆலையும் வேண்டும். அவளுக்கு அதில் வெட்கமில்லை. வேனின் விளக்கு வெளிச்சத்தில் சீருடையும் புத்தகப் பையுமாக ஒரு பெண் தெருவைக் கடந்தாள். பரீட்சைக்கு முந்திய சிறப்பு வகுப்புக்காக முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போகும் இசைவாணி. திறந்திருந்த வேன் கதவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதை இங்கே முடிந்ததென்று எழுந்து போய்விடாதீர்கள். வருகிற ஜனவரி இருபத்தாறாம் நாள் மீண்டும் கிராமசபை கூடுகிறது. அதே அறுபது ஏக்கரை, அதே காப்பகத்தின் பெயரால், புதிய தாளில் எழுதிக்கொண்டு வரப்போகிறார்கள். இந்த முறை சுண்டுவிரல் ரேகைகளைத் தயார் செய்து வைத்திருப்பார்கள்! ஊத்துப்பட்டிப் பெண்கள் அன்று வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். காட்டைக் காக்க வேண்டுமா, காப்போம். காத்துவந்தவர்கள் நாங்களே, எங்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்று எழுந்து நின்று சொல்லப் போகிறார்கள்.

நீங்கள்? உங்கள் ஊரிலும் அன்றுதான் கூட்டம். உங்கள் ஊரிலும் ஓர் ஊற்று, ஒரு கண்மாய், ஒரு மேய்ச்சல் வெளி யாரோ ஒருவரின் வழுவழுப்பான விளம்பரத்துக்காகக் காத்திருக்கிறது. போங்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள். மறுத்தால், தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். உங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். அதற்கு எதிரே இருக்கும் ரேகையின் பக்கத்தில் உங்கள் விரலை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் அங்கேயே எழுந்து நில்லுங்கள், பக்கத்து வீட்டாரையும் எழுப்புங்கள், அந்தப் பக்கம் அடித்து நீக்கப்படும்வரை உட்காராதீர்கள்!